கைமாறிய பொருளும் மாறாத கடனும்

பழைய பாத்திரக் கடைகளில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். குவித்து வைத்திருக்கும் பித்தளைச் செம்பையோ தாம்பாளத்தையோ கையில் எடுத்துப் புரட்டினால் அதில் ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும். எந்த ஊர்ப் பெண்ணின் பெயரோ, எந்தத் திருமணச் சீரில் வந்ததோ, எந்த நெருக்கடியில் விற்கப்பட்டதோ, நமக்குத் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது. எடை போட்டு விலை கொடுத்து வாங்கி வருகிறோம். பாத்திரம் நமதாகிவிடுகிறது. அதன் மேலுள்ள பெயரும் நமதாகிவிடுகிறதா?

இந்தக் கேள்வி செம்போடு நிற்குமானால் பெரிதாக எண்ண வேண்டியதில்லை. விற்றவர் தம் தேவைக்கு விற்றார். வாங்கியவர் விலை கொடுத்தார். வழக்கு அதோடு முடிந்தது. ஆனால், பெயர் பொறித்த அப்பொருள் போர்க்களத்தில் மாண்ட ஒருவனின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதாக இருந்தால்? அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியாமலே அவனைப் பெற்றவள் கண் மூடியிருந்தால்? அப்போது கேள்வியின் எடை கூடிவிடுகிறது. அந்தப் பொருளை வைத்திருப்பவர் அதன் முதல் உரிமையாளரைத் தேடக் கடமைப்பட்டவரா? தேடிக் கண்டபின் அவர் செய்ய வேண்டியது என்ன? இவ்விரண்டையும் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போம்.

இரண்டு உலகப் போர்களின் மிச்சங்கள் இன்றும் உலகெங்கும் விலைக்கு வருகின்றன. பதக்கங்கள், தலைக்கவசங்கள், அடையாள வில்லைகள், படைவீரர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், நாட்குறிப்புகள், புகைப்படங்கள் என அவை பல வகைப்படும். ஏலக் கூடங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் இவற்றை வாங்கிச் சேர்ப்போர் ஏராளம். அவர்களை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர்களில் பலர் வரலாற்றின்மீது மெய்யான பற்றுடையவர்கள்; உலைக்கும் குப்பைக்கும் போயிருக்க வேண்டியவற்றைக் காத்தவர்கள். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெள்ளியின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியபோது, முதல் உலகப் போரில் பணி செய்தவர்களுக்குப் பிரிட்டன் வழங்கிய வெள்ளிப் பதக்கங்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு மனிதனின் பெயர் இருந்தது. உலையில் வெள்ளி மிஞ்சியது, பெயர் போயிற்று. அன்று அவற்றுள் ஒன்றை உலைக்குப் போகவிடாமல் வாங்கி வைத்தவனுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும், காத்தவனே உரியவனாகி விடுவானா? காவல் வேறு, உரிமை வேறு அல்லவா?

ஒரு கொடியின் பயணம்

ஜப்பானில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. இளைஞன் ஒருவன் படைக்குப் புறப்படும்போது, நடுவே செஞ்சூரியன் பொறித்த வெண்கொடி ஒன்றில் அவனுடைய உற்றார், அயலார், பள்ளித் தோழர், உடன் வேலை செய்தோர் ஆகியோர் தத்தம் பெயரை மையால் எழுதிக் கொடுப்பர். போரில் அவனுடைய நற்பேறு நீடிக்கட்டும் என்ற வாழ்த்தும் அதில் இருக்கும். பெயர்கள் சூரியனைச் சுற்றிக் கதிர்களைப்போல் பரவி நிற்பதும் உண்டு. அவன் அக்கொடியை மடித்துத் தன் உடலோடு வைத்துக்கொண்டு போவான். ஊரும் உறவும் அவனோடு உடன் செல்வதாக அதற்குப் பொருள்.

பசிபிக் தீவுகளில் அவன் மாண்டபோது, எதிர்ப்படையினர் அக்கொடியை நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டனர். எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அது பகைவரின் தேசக் கொடி, அவ்வளவே. அது ஒரு தாயும் தந்தையும் தம்பியும் பள்ளி ஆசிரியரும் கையெழுத்திட்ட விடைச்சீட்டு என்பது அவர்களுக்குத் தெரியாமலே போயிற்று. இவ்வாறு ஆயிரக்கணக்கான கொடிகள் அமெரிக்க வீடுகளின் பெட்டிகளுக்குள் சென்று அடங்கின.

1944 ஜூன் 15 அன்று சைப்பான் தீவில் அமெரிக்கப் படை இறங்கியது. அங்கே போரிட்ட மரைன் படைவீரர் ஒருவர் கரபான் நகரின் புறத்தே தம் அணியினின்று பிரிந்து வழி தவறியபோது, இறந்து கிடந்த ஒரு ஜப்பானிய வீரரைக் கண்டார். உடலில் காயம் எதுவும் தென்படவில்லை. உறங்குபவரைப்போல் இடப்புறமாக ஒருக்களித்துக் கிடந்தார். சட்டைக்குள்ளிருந்து கொடியின் ஓரம் வெளியே தெரிந்தது. அமெரிக்கர் தயங்கினார். தாம் விட்டுச் சென்றால் பின்னே வருபவர் எவரேனும் எடுத்துக்கொள்வார், பிறகு அது என்றென்றைக்கும் தொலைந்து போகும் என்று எண்ணினார். என்றாவது ஒருநாள் திருப்பித் தருவேன் என்று இறந்தவருக்கு வாக்களித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டார்.

அந்த நாள் வருவதற்கு 73 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அவருடைய வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கொடி இருந்தது. ஓரிகன் மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு தோன்றிய ஓபோன் சங்கம் என்னும் அமைப்பு, இத்தகைய கொடிகளுக்கு உரியவரைத் தேடிச் சேர்ப்பதையே பணியாகக் கொண்டது. அதன் துணையால் கொடியிலிருந்த பெயர்கள் படிக்கப்பட்டன. அவை ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் மலைகளுக்கிடையே தேயிலை விளையும் ஹிகாஷி ஷிரகாவா என்ற சிற்றூரைக் காட்டின. 2017 ஆகஸ்டு மாதத்தில், 93 வயதான அந்தப் பழைய வீரர் தாமே அவ்வூருக்குச் சென்று, இறந்தவருடைய தம்பியின் கைகளில் கொடியை ஒப்படைத்தார். தம்பிக்கு அப்போது வயது 89. அவர் கொடியில் முகம் புதைத்து முகர்ந்து பார்த்தார்.

திரும்பியது துணியா, செய்தியா?

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் கண் கலங்கி இவ்விடத்தில் நின்றுவிடுவர். நாம் இன்னும் ஓரடி முன்னே செல்ல வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் கிடைத்தது எது?

போருக்குப் பின் அந்த வீட்டுக்கு அரசு தந்தது ஒரு மரப்பெட்டி. உடலுக்கு ஈடாக அதனுள் சில கற்கள் இருந்தன. மரியானாத் தீவுகளில் எங்கோ இறந்தார் என்ற ஓர் அறிவிப்பும் வந்தது. எங்கே, எப்படி என்ற கேள்விக்கு விடை இல்லை. பெற்றோர் அந்த விடையை அறியாமலே போய்ச் சேர்ந்தனர். விடை தெரிந்தவர் உயிரோடுதான் இருந்தார். கடலுக்கு அப்பால், தம் வீட்டில், அக்கொடிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தார். உடல் சிதறவில்லை, காயம் தெரியவில்லை, கரபான் நகரின் புறத்தே உறங்குவதுபோல் கிடந்தார் என்று அவர் சொன்ன சொல், கொடியைக் காட்டிலும் மேலான பேறு என்பதில் ஐயமில்லை. கொடியைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். அந்தச் சொல்லை அவர் ஒருவரால்தான் தர முடியும்.

நம் வினாவின் முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. பெயர் பொறித்த போர்ப்பொருள் ஒவ்வொன்றிலும் இரண்டு அடங்கியுள்ளன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் பொருள். மற்றொன்று அப்பொருள் சுமந்து நிற்கும் செய்தி. பொருளை விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். செய்தி அத்தகையதன்று. அது ஒருவரை நாடிப் புறப்பட்டு வழியில் தடைப்பட்டு நிற்கும் கடிதத்தைப் போன்றது. அக்கடிதம் யாருடைய கையில் வந்து நிற்கிறதோ, அவர்மீது அதைக் கொண்டு சேர்க்கும் கடன் விழுகிறது. காகிதத்துக்கு அவர் விலை கொடுத்திருக்கலாம். அதன்மேல் எழுதிய முகவரிக்கு அவர் விலை கொடுக்கவில்லை. முகவரி எப்போதும் பிறருடையது. நம் இல்லங்களில் வழங்கும் சொல்லால் சொல்வதானால், அது அமானிதம்.

நாடு கடந்து மாண்ட ஏறத்தாழ 24 லட்சம் ஜப்பானியரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் தாயகம் திரும்பவில்லை என்பர். அத்தகைய வீடு ஒன்றுக்குப் பெயர் எழுதிய கொடியோ புகைப்படமோ திரும்பி வருமானால், உடலுக்குரிய இடத்தில் அது வைக்கப்படுகிறது. வாங்கியவருக்கு ஓர் அலமாரிப் பொருளாய் இருந்தது, இழந்தவருக்கு ஒரு மனிதனாய்ப் போய்ச் சேருகிறது.

தேடும் நெறி

தேட வேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. தேடல் கடினமானது; பொறுமையும் நேர்மையும் வேண்டுவது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டன. ஆனால் அப்போரில் மாண்டவர் குடும்பங்களுக்குத் தரப்பட்ட வெண்கல வட்டத் தகட்டில் பெயர் மட்டுமே உண்டு, பதவியைப் பொறிக்கவில்லை. தளபதியும் கடைநிலைச் சிப்பாயும் உயிரைக் கொடுத்ததில் சமமானவர் என்பது அதன் கருத்து. கருத்து உயர்ந்தது, தேடுபவனுக்கோ அதுவே இடர். ஒரே பெயரில் பத்துப் பேர் மாண்டிருந்தால் இந்தத் தகடு எவருடையது?

பதிவேடுகளைப் புரட்டலாம் என்றால், பல நெருப்புக்கு இரையாகிவிட்டன. முதல் உலகப் போரில் பணி செய்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப்பதிவேடுகளில் பெரும்பகுதி, 1940 செப்டம்பரில் லண்டன்மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்தது. பதக்கம் வழங்கியதைக் குறித்த அட்டைகள் தப்பியதால் இன்றும் தேடலுக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரருகே இருந்த பதிவுக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று பற்றிய தீ, 160 முதல் 180 லட்சம் கோப்புகளை அழித்தது. இவ்வாறு ஏடுகள் அழிந்த இடத்தில், எவர் வீட்டிலோ கிடக்கும் ஒரு பதக்கமோ கடிதமோதான் ஒரு மனிதன் வாழ்ந்ததற்கு எஞ்சிய சான்று. காப்பகம் இழந்ததைச் சேகரிப்பாளர் வைத்திருக்கிறார். அவருடைய பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

ஜெர்மானியச் சிப்பாயின் அடையாள வில்லையைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அவன் கழுத்தில் தொங்கிய அந்த நீள்வட்ட வில்லையில் பெயர் இல்லை. படைப்பிரிவும் எண்ணும் உண்டு. நடுவே துளைகள் இடப்பட்டிருக்கும். அவன் இறந்தால் பாதியை ஒடித்துப் பதிவுக்கு அனுப்புவர். மறுபாதி உடலோடு மண்ணுக்குள் போகும். பிற்காலத்தில் எலும்பு அகப்பட்டால் அது யாருடையது என்று சொல்ல அந்த வில்லை ஒன்றே துணை. பழைய போர்க்களங்களைத் திருட்டுத்தனமாகத் தோண்டுபவன் அதை எடுத்து விற்றுவிட்டால், மண்ணில் கிடப்பவன் என்றென்றைக்கும் பெயரற்றவனாகிவிடுகிறான். சில காசுக்காக ஒருவனுடைய பெயரை அழிப்பது, அவனை இரண்டாம் முறை கொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே இத்தகைய பொருளை வாங்குபவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையைப் பற்றியதன்று. எந்த இடத்திலிருந்து, எவர் கையிலிருந்து வந்தது என்பதே.

நம் துணைக்கண்டத்திலும் இதற்குச் சான்று உண்டு. முதல் உலகப் போருக்குச் சென்ற பஞ்சாப் வீரர்களைப் பற்றிப் போர் முடிந்தபின் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் பல்லாண்டு உறங்கிக் கிடந்தன. ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றிய குறிப்புகள் அவற்றில் உள்ளன. 2021இல் அவற்றின் ஒரு பகுதி கணினி வழியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. முஸ்லிம்களும் சீக்கியரும் இந்துக்களுமான அவ்வீரர்களில் ஒருவனுடைய பதக்கம் ஏதோ ஓர் ஏலத்தில் கிடந்தால், அவனுடைய ஊரைக் கண்டறிய இன்று ஒரு வாயில் திறந்திருக்கிறது. திறந்த வாயிலைக் கண்டபின்னும் தேடாமலிருப்பவருக்கு, வழியில்லை என்ற சாக்கு இனி இல்லை.

எதிர்க்கேள்விகள்

“நான் நேர்மையாக விலை கொடுத்தேன், சட்டம் என் பக்கம்” என்பார் ஒருவர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சட்டமே இவ்விஷயத்தில் வாய் மூடியிருக்கவில்லை. போர்க்களத்தில் இறந்தவரிடம் கிடைக்கும் சொந்தப் பொருள்களைத் திரட்டி அவர் தரப்பினருக்கு அனுப்ப வேண்டும் என்று 1929இன் ஜெனீவா ஒப்பந்தம் விதித்தது. 1949இன் ஒப்பந்தம், பண மதிப்புடையவற்றோடு உணர்வு மதிப்புடையவற்றையும் வெளிப்படையாகச் சேர்த்துக் கூறியது. ஷரீஅத் சட்ட நூல்கள் கண்டெடுத்த பொருளை ‘லுகதா’ என்ற தலைப்பில் ஆராய்கின்றன. கண்டெடுத்தவர் அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் அறிந்து வைத்து, ஓராண்டு அறிவிக்க வேண்டும். அதன்பின் பயன்படுத்திக்கொண்டாலும், உரியவர் வந்தால் கொடுத்துவிட வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது, தேடும் கடமை கண்டெடுத்தவர்மீதே சுமத்தப்பட்டிருப்பதாகும். தொலைத்தவன் வந்து கேட்கட்டும் என்று வாளாவிருக்க அவருக்கு உரிமையில்லை. இறந்தவனோ வந்து கேட்கவே இயலாதவன்.

“குடும்பத்தாரே அதை விற்றிருந்தால்?” என்பார் மற்றொருவர். இது நியாயமான கேள்வி. பசிக்காகக் கணவனின் பதக்கத்தை விற்ற விதவைகள் எல்லா நாடுகளிலும் உண்டு. அங்கே பொருளின் உரிமை முறையாகவே மாறிவிட்டது. வாங்கியவர் அதைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும் என்று நாம் சொல்லோம். உடலிலிருந்து எடுத்ததையும் கையிலிருந்து வாங்கியதையும் ஒரே தட்டில் வைப்பது நீதியன்று. ஆயினும், விற்றவள் வெள்ளியை விற்றாள், கணவனை விற்கவில்லை. “உங்கள் பாட்டனாரின் பதக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பார்க்க விரும்பினால் வாருங்கள்” என்று ஒரு வரி எழுதுவதால் வாங்கியவருக்கு எந்த இழப்பும் இல்லை. பொருளைத் தர வேண்டாத இடத்திலும் செய்தியைத் தரும் கடன் நிற்கவே செய்கிறது.

மூன்றாம் கேள்வி நம்மவர் நெஞ்சைச் சுடுவது. “அந்தக் கொடியைச் சுமந்த படை ஆசியாவுக்குச் செய்த கொடுமை என்ன? சயாம்-பர்மா ரயில் பாதைக்கு 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் எங்கே? காஞ்சனபுரியில் நேச நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை வரிசை உண்டு. நோயிலும் பசியிலும் மடிந்த நம் கூலிகளுக்குப் பெயர் எழுதிய கல் உண்டா? அவர்களைத் தேடாத உலகம் ஆக்கிரமித்தவனின் கொடிக்கு உரியவனைத் தேடுவதா?”

இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆனால் அது எதைக் கேட்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். பெயரின்றிப் போவது பெருங்கொடுமை என்பதையே அது கேட்கிறது. அப்படியானால், எவனுடைய பெயரானாலும் நம் கையில் அகப்பட்டிருக்கும் ஒரு பெயரைத் தொலையவிடுவது, அதே கொடுமைக்கு நாமும் கை கொடுப்பதாகும். கொடியைத் திருப்பிக் கொடுப்பது அந்தப் படையின் செயலுக்கு மன்னிப்பன்று. அது ஒரு தாயின் கையெழுத்தை அவள் வீட்டுக்குச் சேர்ப்பது மட்டுமே. குற்றத்துக்கு வரலாறு கணக்குக் கேட்கட்டும். பெயரைச் சேர்ப்பதற்கு, செத்தவன் நல்லவனா என்று விசாரிக்க வேண்டியதில்லை. சயாமில் மடிந்தவர்களின் பெயர்களையும் இதே பிடிவாதத்தோடு தேட வேண்டும் என்று நாம் வாதிடுவதற்கு, இந்த நெறியே நமக்கு வலிமை தரும்.

இன்னும் ஒன்று உண்டு. எல்லாக் குடும்பமும் செய்தியை வரவேற்கும் என்று எண்ணலாகாது. ஆறிய புண் கிளறப்படலாம். மறைத்து வைத்த உண்மை வெளிப்படலாம். ஆதலால் திடீரெனக் கதவைத் தட்டுவதோ, ஊரறிய விழா எடுப்பதோ தேடுபவருக்கு அழகன்று. ஆளை உறுதி செய்துகொண்டு, நடுவர் ஒருவர் வழியாகத் தனிமையில் தெரிவித்து, வேண்டாம் என்றால் மரியாதையோடு விலகிக்கொள்ள வேண்டும். தவறான வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது, கொடுக்காமல் இருப்பதைவிடத் தீது. அறியும் உரிமை குடும்பத்துடையது. அறியாமலிருக்கும் உரிமையும் அவர்களுடையதே.

காலத்தின் கெடு

இவையனைத்தையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பொருள் பல நூறு ஆண்டு நிலைக்கும். செய்தி அவ்வளவு காலம் நிலைப்பதில்லை. சைப்பான் வீரர் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், கொடி மட்டும் அலமாரியில் இருந்திருக்கும். அதைக் கொடுப்பவரும் இருந்திருக்க மாட்டார். வாங்கி முகர்ந்து பார்க்கத் தம்பியும் இருந்திருக்க மாட்டார். எடுத்தது குற்றமோ என்ற கூச்சத்தால் பலர் வாய் திறவாமலே போய்விட்டனர். அக்கூச்சம் மதிக்கத்தக்கதே, ஆனால் அதன் விலையை வேறொரு குடும்பம் கொடுத்தது.

ஆகவே, இத்தகைய பொருள் எவரிடம் இருந்தாலும் அவர் இன்றே செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. அது எவ்வாறு, எங்கிருந்து, எந்த ஆண்டில் தம் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அப்பொருளோடு சேர்த்து வைப்பது. தேடி முடிக்கத் தம்மால் இயலாமற் போகலாம். பின்வருபவர் தேடுவதற்கு அந்தத் தாள் வழி காட்டும். அதுவும் இல்லையெனில், பிள்ளைகள் அதைப் பழைய இரும்பு என்றே எண்ணுவர்.

மேலே சொன்ன பித்தளைச் செம்பு இப்போது நம் வீட்டு அடுக்களையில் இருக்கலாம். அதன்மேல் வெட்டிய பெயரை நாம் தேய்த்து அழிப்பதில்லை. ஏனென்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. கை தானாகவே தயங்குகிறது. அந்தத் தயக்கம் நல்லது. போர்க்களத்திலிருந்து வந்த பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள் அத்தயக்கத்துக்குச் சற்றுச் செவி கொடுத்தால் போதும். எந்த ஊரிலோ கற்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு வீட்டுக்கு விடை போய்ச் சேரும்.